சிவப்புச் சாவி

ஏறி நிற்கச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

கழற்ற வேண்டியதில்லைதான். விலை அட்டை தொங்கும் புதுப் பொருளின்மேல் செருப்போடு ஏற அவளுக்குக் கால் வரவில்லை.

“இது இருபத்தெட்டாயிரம் சார். பக்கத்துல இருக்கறது நாப்பத்திரெண்டு.”

நடக்கப்போகிறவள் டிரெட்மில்மேல் நிற்கிறாள். விற்பனையாளர் விலையைக் கீழே நிற்கும் கணவரிடம் சொன்னார்.

அவர் இரண்டையும் சுற்றி வந்தார். சந்தையில் மாடு பார்ப்பவர்போலத் தட்டிப் பார்த்தார்.

“இவளுக்கு இதுவே போதும். தினம் அரை மணி நேரம் நடக்கப் போறா, அவ்வளவுதானே.”

அரை மணி நேரமாம்.

நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னது அவரை. சர்க்கரை அவருக்கு. அதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தொப்பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் நாலு பேர் சிரிப்பார்களாம்.

நடந்தது அவள்தான். விடிந்ததும், தோழி நூர்ஜஹானோடு, ஏரிக்கரைச் சாலையில். அங்கே யாரும் அவளிடம் காபி கேட்கவில்லை. நூர்ஜஹான் தன் நாத்தனாரைப் போலப் பேசிக் காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஒரு நாளில் அவள் சிரிக்கும் நேரம் அது ஒன்றுதான்.

போன வாரம் பைக்கில் வந்தவன் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். ஏழு பவுன்.

கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

நூர்ஜஹான் செருப்பைக் கழற்றி வீசினாள். அவன் முதுகில் பட்டது. அவர்களால் முடிந்தது அதுதான்.

அன்று மாலையே மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டி, அவர் அவள் கழுத்தில் முடிந்தார். முடியும்போது அந்தக் கோடு எரிந்தது. முடித்த கையோடு சொன்னார்.

“இனிமே வெளிய நடக்க வேண்டாம்.”

தை மாதமே அவள் கேட்டிருந்தாள், நடக்கப் போகும்போது கயிறு மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று. அவர் குதித்தார். பார்க்கிறவர்கள் சங்கிலியை அடகு வைத்துவிட்டான் என்று பேசுவார்களாம். கழுத்தில் பளபளவென்று கிடக்க வேண்டுமாம்.

கிடந்தது. போய்விட்டது.

பயந்து சொன்னவள் அவள். வேண்டாம் என்றவர் அவர். வீட்டோடு கிடக்க வேண்டியது மட்டும் அவளாம். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

‘இப்ப வெறும் கயிறுதானே இருக்கு, இதை எவன் அறுக்கப் போறான்’ என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். ஆடிக்குப் பிறகு புதுச் சங்கிலி வாங்கிவிடலாம் என்றார். அதைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குள் நடக்க வேண்டும்.

யார் பார்க்க?

விற்பனையாளர் சிவப்பாக ஒரு சாவியை மெஷினில் பொருத்தினார். அதிலிருந்து ஒரு கயிறு தொங்கியது. கயிற்றின் நுனியில் ஒரு கிளிப்.

“இதை டிரெஸ்ல மாட்டிக்கணும் மேடம். தடுமாறினா சாவி கழண்டு மெஷின் நின்னுடும்.”

கிளிப்பை நீட்டிக்கொண்டே தயங்கினார். புடவையில் எங்கே மாட்டுவது?

“குடுங்க இப்படி,” என்றார் கணவர்.

முந்தானையில் மாட்டினார். வழுக்கியது. கொசுவத்தைப் பார்த்தார். பிறகு அவள் கழுத்தில் விரலை விட்டு, ரவிக்கைக்குள் கிடந்த மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்தார். அதில் மாட்டினார்.

“இது கழலாது.”

கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட முகம் அவருக்கு. விற்பனையாளர் வேறு பக்கம் பார்த்தார்.

பட்டை நகர்ந்தது. நடந்தாள்.

எதிரே சுவர். சுவரில் ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரையின் படம். அதில் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் ஒன்றுமே இல்லை.

நடந்தாள். சுவர் கிட்டே வரவில்லை.

“இருபத்தஞ்சுக்கு முடிங்க. கையோட கேஷா தரேன்,” முதுகுக்குப் பின்னால் பேரம் நடந்தது. அவளுடைய விடியற்காலைக்கு இருபத்தைந்தாயிரம். அதிலும் மூவாயிரம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்.

நடப்பதை நிறுத்தினாள்.

தடுமாறவில்லை. வேண்டுமென்றேதான் நிறுத்தினாள்.

பட்டை அவளைப் பின்னால் கொண்டுபோனது. கயிறு விறைத்தது. கழுத்தில் இறுகியது, அதே கோட்டின்மேல். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சாவி பிய்த்துக்கொண்டு வந்தது.

மெஷின் நின்றது.

“பாத்தீங்களா சார், எவ்வளவு சேஃப்டி!”

இறங்கினாள். சாவி அவள் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பைக் கழற்றினாள். கணவரிடம் போய் அவர் சட்டைப்பையில் மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். கழலவில்லை.

“தம்பி, அந்த நாப்பத்திரெண்டையே போடுங்க,” என்றாள். “தொண்ணூத்தாறு கிலோ தாங்கணும். சார்தான் நடக்கப் போறாரு.”

அவர் குனிந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சாவி தொங்கியது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று நூர்ஜஹானுக்கு போன் செய்தாள். நாளைக்கு வருகிறேன், எனக்காக நில் என்றாள்.

கார் எதிரிலேயே நின்றது. அதைத் தாண்டி நடந்தாள்.

அவர் இழுத்துப் போட்ட மஞ்சள் கயிறு புடவைக்கு மேலேயே கிடந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்ற இரண்டு பெண்கள் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் ஏதோ சொன்னாள்.

அவள் அதை உள்ளே தள்ளிக்கொள்ளவில்லை.