கரிக்கோடு

"சாமி எண்ணெயில கை வெக்கிறவன் கை அழுகிப் போவும், பாத்துக்கிட்டே இரு காளி!"

மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, காளியம்மாவிடம் கருப்பம்மாள் போட்ட சத்தம் செமோர் டவுனுக்குப் போகும் சாலை வரை கேட்டிருக்கும்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடி, ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருடமாகிறது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை பட்டாளத்துக்கு மட்டும் என்றானது. போன மழையில் குளிர்காய்ச்சல் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் ஏழு பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. அதில் ஒன்று கருப்பம்மாளுடையது.

வேறு வழி தெரியாமல் பெண்கள் சேர்ந்து நேர்ந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். ஆத்தா விளக்கு அணையக் கூடாது.

ஒரு மாதமாக லயத்தில் யாருக்கும் புதிதாகக் காய்ச்சல் இல்லை. காளியம்மாவின் மகள் மங்களம்கூட எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். ஆத்தா கண் திறந்துவிட்டாள்.

அந்த எண்ணெயைத்தான் எவனோ எடுக்கிறான்.

"நாமளா நெனச்சுக்கிறமோ என்னமோக்கா," என்றாள் காளியம்மா.

"நெனப்பாவது! ஒரு கோடு போட்டு வையி. தெரிஞ்சு போவுது."

இரண்டு நாள் விளக்குக்கு வேண்டியதைக் கிண்ணத்தில் தனியாக ஊற்றி வைத்தார்கள். மிச்சம் இருந்த கண்ணாடிப் போத்தலில் காளியம்மா தன் விரலாலேயே விளக்குக் கரியைத் தொட்டு எண்ணெய் மட்டத்தில் கோடு இழுத்தாள். கண்ணாடிக்குள் சிறிய குமிழி ஒன்று இருந்தது. கோடு சரியாக அதன்மேல் விழுந்தது.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராமையாவுக்கும் சேதி போனது.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் வாரேன். எண்ணெய் கொறஞ்சிருந்தா திருடன் பேரச் சொல்லுங்க. சயாம் ரயில் பாதை போட ஆள் கேக்கறான் ஜப்பான்காரன். மொத பேரா எழுதிடறேன். தோட்டத்துக்கு ஒரு சனியன் கொறையும்லா!"

யாரும் சிரிக்கவில்லை. சயாமுக்குப் போன பதினாலு பேரில் ஒருவரிடமிருந்தும் இதுவரை கடிதம் இல்லை.

காளியம்மாவின் சந்தேகமெல்லாம் சன்னாசி மேல்தான். துரை காலத்தில் முதுகில் தகர டின்னோடு தோட்டம் முழுக்க அலைந்தவன். இப்போது வேலை இல்லை. ஆனால் அலைச்சல் மட்டும் நிற்கவில்லை. கேட்டால் பதில் வராது. மடி எப்போதும் புடைத்திருக்கும். செமோர் கடையில் எண்ணெய் விற்கிறான் என்று ஒரு பேச்சு. ஜப்பான்காரனுக்கு உளவு சொல்கிறான் என்று இன்னொரு பேச்சு.

ஞாயிறு காலை, ரப்பர் பாலைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது பார்த்துவிட்டாள். கோயிலிலிருந்து சன்னாசி வெளியே வந்தான். மடிக்குள் ஏதோ கனமாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான்.

ஆனால் செமோர் பாதையில் அவன் திரும்பவில்லை. லயத்துக்குப் பின்பக்கம், கால்வாய்க்குப் போனான்.

சேற்றில் கால் புதையப் புதையக் காளியம்மா பின்னால் போனாள். மடியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தான். தேங்காய் நாரைப் பந்தாகச் சுருட்டி, எண்ணெயில் நனைத்து, கயிறு கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டான்.

"சாமி எண்ணெயச் சாக்கடையில விடறியே, நீ மனுசனா அண்ணே?"

சன்னாசி திடுக்கிட்டுத் திரும்பினான். ஓடப் பார்க்கவில்லை.

"இங்க வா தங்கச்சி. குனிஞ்சு பாரு."

நார்ப்பந்தைச் சுற்றி எண்ணெய் மெல்லிய ஏடாகப் பரவியது. அதன் அடியில் நூல்போலத் துடித்த புழுக்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"கொசுக்குஞ்சு. தண்ணிக்கு மேல வந்துதான் மூச்சு விடும். எண்ணெய் மூடிக்கிட்டா செத்துரும். துரை காலத்துல நான் டின்னு டின்னா அடிச்சது இதுக்குத்தான். இப்ப மண்ணெண்ணெய்க்கு எங்க போறது?"

"எங்ககிட்டக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

காளியம்மா திரும்பிப் பார்த்தாள். கால்வாயிலிருந்து பத்தடியில் அவள் வீட்டுப் பின்கதவு. உள்ளே மங்களம் ஏதோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

"பேரச் சொல்றதுன்னா சொல்லிடு தங்கச்சி," என்றான் சன்னாசி. "நான் தனி ஆளு. வாரத்துக்கு ஒருக்கா இந்த நார மட்டும் நனைச்சுப் போட்டுரு."

காளியம்மா கோயிலுக்கு ஓடினாள். கிராணி வருவதற்குள் கரிக்கோட்டை அழித்து, எண்ணெய் இப்போது நிற்கும் மட்டத்தில் போட்டுவிட வேண்டும்.

ஆனால் அவருடைய சைக்கிள் வாசலில் நின்றது. பெண்கள் கூடியிருந்தார்கள். போத்தல் கருப்பம்மாள் கையில் இருந்தது.

இந்த வாயிடமிருந்து சன்னாசியை யார் காப்பாற்றுவது?

"நல்லாப் பாத்துக்குங்க கிராணி!" கருப்பம்மாள் போத்தலைத் தூக்கிப் பிடித்தாள். "கோடு எங்க இருக்கு, எண்ணெய் எங்க இருக்கு? அளவு அப்படியே நிக்குது!"

எண்ணெய் கோட்டைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது.

"அப்ப எவடி திருட்டுன்னு கத்துனது?" கிராணி எரிந்து விழுந்தார்.

"நான்தான். புள்ளைய வாரிக் குடுத்தவ, புத்தி பேதலிச்சுப் போச்சு. போங்க, போயி வேற வேலையப் பாருங்க."

சைக்கிள் போனது.

காளியம்மா போத்தலையே பார்த்தாள். கண்ணாடிக் குமிழிக்கு இரண்டு விரல் கீழே இருந்தது கோடு. கருப்பம்மாளின் கட்டைவிரலில் கரி. சேலை ஓரத்தில் ஈரம் காயாத கால்வாய்ச் சேறு.

கருப்பம்மாள் அவளைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பிப் பழைய குரலிலேயே அதட்டினாள்:

"என்னங்கடி வேடிக்க? அடுத்த வெள்ளிக்கெழமையிலேருந்து வீட்டுக்கு ரெண்டு கரண்டி ஊத்தணும். ஆத்தாளுக்குப் பத்தலையாம்!"