கொக்கி வைத்த நீலக் கார்

"கொக்கி இருக்கும்மா! பின்னாடி கொக்கி இருக்கு பாரு!"

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போட்ட கூச்சலில், சமையற்கட்டில் ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது.

மைக்கேல்ராஜ் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் மண்டி போட்டிருந்தான். உள்ளே இருந்த மாதா சொரூபத்துக்கு மண்டி போட்டிருந்தால் அவன் அம்மா அற்புதம் பூரித்துப் போயிருப்பாள். இவனோ மாதாவின் காலடியில் நின்ற உள்ளங்கை நீளப் பொம்மைக் காருக்கு அல்லவா மண்டி போட்டிருக்கிறான்!

"எந்திரிடா. வந்த வேலையைப் பாரு," என்று பல்லைக் கடித்தாள் அற்புதம். "முப்பத்திரண்டு முடியப் போவுது. முந்தின மூணு இடத்தையும் ஏதோ ஒரு நொட்டை சொல்லித் தட்டிக் கழிச்சே. இதையும் வேணாம்னு சொன்னே, நான் வேளாங்கண்ணிக்குப் போய் அங்கயே உட்காந்துடுவேன். நீ அந்தப் பொம்மைங்களோடவே குடித்தனம் பண்ணிக்க."

கரண்டு ஆபீஸ் குமாஸ்தா மைக்கேல்ராஜுக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. வீட்டில் நாற்பத்தாறு இரும்புப் பொம்மைக் கார்கள். அதில் பதினொன்று ஒரே நீல பெஜோ என்கிற பிரெஞ்சுக் கார். ஒரே பெஜோ என்பது மற்றவர்கள் சொல்வது. அவனுக்குப் பதினொன்றும் பதினொரு பிறவி. எங்கே போனாலும் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டுதான் போவான். பெண் பார்க்கவும் அப்படித்தான்.

"பிரான்சுல இருக்கற தம்பி அனுப்பினான். போன மாசம்தான் வந்துச்சு. கையில எடுத்துப் பாருங்க தம்பி," என்றார் பெண்ணின் அப்பா மரியமுத்து. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. காரைக்காலில் யார் முகம்தான் எங்கேயோ பார்த்த முகமாக இல்லை?

மைக்கேல்ராஜ் தன் காரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

"நல்லாக் கவனிங்க சார். இது முதல் அச்சுல வார்த்தது. கொக்கி கிடையாது, சீட்டு வெள்ளை. அப்புறம் அச்சை மாத்தி, பின்னாடி வண்டி கட்டி இழுக்கக் கொக்கி வெச்சாங்க. அதுல சீட்டு சிவப்பு. உங்க கார்ல கொக்கியும் இருக்கு, சீட்டும் வெள்ளை. இப்படி ஒண்ணு இருக்கவே கூடாது சார்!"

"இருக்குதே தம்பி?"

"அதான் சார் அதிசயம்! அச்சு மாத்தின அன்னிக்கு, மிச்சம் கெடந்த பழைய சீட்டை இதுல மாட்டி விட்டுட்டான்!"

"எப்படிப் பார்த்தாலும் ரெண்டும் நீலக் கார்தானே?"

மைக்கேல்ராஜ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "கடுகளவு வித்தியாசம் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது சார். ஆண்டவர் எனக்குன்னு குடுத்த வரம் அது."

"ரொம்பப் பெரிய வரம்," என்று முனகினாள் அற்புதம்.

கொலுசுச் சத்தத்தோடு காப்பி வந்தது. அற்புதம் பெண்ணை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலாவது இடம் என்றால் அம்மாவுக்கும் அலுக்காதா என்று நினைத்தபடி மைக்கேல்ராஜ் கையை நீட்டி டம்ளரை வாங்கினான். கண் காரை விட்டு நகரவில்லை. காப்பியில் சக்கரை பாதி. அவனுக்குப் பிடித்த அளவு. பரவாயில்லை, விவரமான குடும்பம்தான்.

"அடியில ஆணி ஒண்ணா ரெண்டான்னு பார்த்தீங்களா?" என்று கேட்டாள் பெண்.

காப்பி புரையேறிவிட்டது. அவசரமாகக் காரைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"ரெண்டு!"

"ரெண்டாவது அச்சுக்கு ரெண்டுதானே வரணும்? யாராச்சும் சீட்டை மாத்தியிருந்தா ஆணியைக் கழட்டின தடம் இருக்கும். இருக்குதுங்களா?"

"இல்ல! சுத்தமா இல்ல!"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீசில் சிரித்தார்கள், தெருவில் சிரித்தார்கள், பெற்ற தாயே தலையில் அடித்துக்கொண்டாள். அவன் பேசுவதைப் புரிந்துகொண்டு திருப்பிக் கேள்வி கேட்ட முதல் மனுஷி இவள்தான். இவளை விட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொருத்தி கிடைக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"அம்மா, எனக்குச் சம்மதம்."

"காரைப் பார்த்துச் சொல்றியா, பொண்ணைப் பார்த்துச் சொல்றியா? நிமிந்து பாருடா!"

நிமிர்ந்து பார்த்தான். பச்சைப் புடவை, ஒற்றைச் சடை, சிரிப்பை அடக்கிக்கொண்ட உதடு. உள்ளூரிலேயே இப்படி ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு எங்கெங்கோ அலைக்கழித்தாளே என்று அம்மா மேல் கோபம்கூட வந்தது.

"பார்த்துட்டேம்மா. சத்தியமாச் சொல்றேன், இப்படி ஒரு முகத்தை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல."

மரியமுத்துவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அற்புதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. பாவம், ஆனந்தத்தில் அழுகிறாள் என்று நினைத்தான் மைக்கேல்ராஜ்.

ஒரு வழியாக இருமல் அடங்கிய மரியமுத்து மகள் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே இசபெல்லா?"

"எனக்குக் கோட்டுச்சேரி சித்தி வீட்லயே இவரைப் புடிச்சுப் போச்சுப்பா. அன்னிக்கு என்னை நெட்டைன்னாரு, அப்புறம் நெரவி மாமா வீட்ல குட்டைன்னாரு, பூவத்துல நான் பேசவே மாட்டேங்குறேன்னாரு," என்றாள் இசபெல்லா. "நாலாவது தடவையாச்சும் என்னை நிமிந்து பார்க்கட்டும்னுதான், கொக்கியும் வெள்ளை சீட்டும் இருக்கற காராத் தேடி அனுப்பச் சொல்லிச் சித்தப்பாவுக்கு எழுதிப் போட்டேன்."