துரையின் ஒன்பது தலைமுறை

“தாத்தாவோட தாத்தா பேர் என்ன?” என்றார் மரக்கடைக்காரர்.

இளம் டாக்டர் கோப்பைப் புரட்டிச் சொன்னான்.

“அவருக்கு அம்மா?”

அதையும் சொன்னான்.

“நடுவுல எங்கயாவது கலப்பு?”

“ஒரு சொட்டு கிடையாது சார்.”

பேச்செல்லாம் துரையைப் பற்றி. துரை, மூன்று முறை சாம்பியன் பட்டம் வாங்கிய அரபுக் குதிரை. வயது பத்தொன்பது. அந்தப் பண்ணையில் யாரும் அதை ‘அது’ என்று சொல்வதில்லை, ‘அவர்’தான். தன் பெண் குதிரைக்கு ஜோடி தேடி, காலை ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார் மரக்கடைக்காரர்.

பண்ணையின் குதிரை டாக்டரான அவன் அன்று தேய்த்த சட்டை போட்டிருந்தான். துரைக்காக அல்ல. மரக்கடைக்காரரின் மகள் கல்லூரியில் அவனோடு படித்தவள். மூன்று வருடக் காதல்.

“அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது. முதல்ல அவருக்கு உன்னைப் பிடிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்” என்று நேற்று ஃபோனில் சொல்லியிருந்தாள்.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. ‘அப்பாவுக்குப் பிடிச்சிருக்கா?’

‘குதிரையவா, என்னையவா?’ என்று மேசைக்கடியில் தட்டினான்.

“பிள்ளைங்க எத்தனை?” என்றார் மரக்கடைக்காரர்.

“யாருக்கு சார்?”

“துரைக்கு.”

“ஓ. இருநூத்திப் பதினாலு.”

“எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

“முப்பத்தோரு பேர் பட்டம் வாங்கியிருக்காங்க. ஒருத்தர் நூத்தி இருபது கிலோமீட்டர் ஓட்டத்துல முதல்ல வந்து, பேட்டி எடுக்க வந்தவரோட மைக்கைக் கடிச்சுட்டார்.”

“அது யார் குணம்?”

“அம்மா வழி சார்.”

மரக்கடைக்காரர் அதையும் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

லாயத்துக்குப் போனார்கள். ஆள் வந்ததும் துரைக்குத் தலைகால் புரியவில்லை. வாலைக் கொடி மாதிரி உயர்த்திக்கொண்டு வேலியோரமாக நாலு சுற்று வந்து, ஐந்தாவது சுற்றில் நின்று, தன் பக்கவாட்டு அழகைக் காட்டியது. மரக்கடைக்காரர் டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்தார், காலை அளந்தார். பலகையைத் தட்டிப் பார்க்கிற பழக்கத்தில் முதுகையும் விரல் முட்டியால் தட்டினார். துரை திரும்பி, அவர் காதுக்குள் நிதானமாக ஒரு தும்மல் போட்டது.

டாக்டர் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். முடியாமல் இருமினான். மரக்கடைக்காரர் காதைத் துடைத்துக்கொண்டே தானும் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அதன் பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. இரவெல்லாம் கூடவே இருந்து, பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்ட குட்டி ஒன்றைக் காப்பாற்றியதை டாக்டர் சொன்னான். முதல் முதலாகக் குதிரை ஏறிய நாளில் வைக்கோல் போரில் தலைகுப்புற விழுந்ததை மரக்கடைக்காரர் சொன்னார். மணி பதினொன்றானது தெரியவில்லை. மனிதருக்கு நம்மைப் பிடித்துவிட்டது என்று டாக்டருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போதுதான் மரக்கடைக்காரர், வாங்கிப் பார்த்த வம்சாவளிக் கோப்பை மூடிக்கொண்டு சொன்னார்.

“ஒன்பது தலைமுறையும் சுத்தம். எனக்கு அதான் முக்கியம் டாக்டர். எவ்வளவு அழகா இருந்தாலும் சரி, வம்சக் காகிதம் இல்லாத குதிரைய என் லாயத்து வாசல்லகூட நிறுத்த மாட்டேன்.”



ஒன்பது தலைமுறை எங்கே, டாக்டருக்குத் தன்னுடைய ஒரு தலைமுறையே தெரியாது. வளர்ந்தது ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில். பிறந்த தேதிகூட அங்கிருந்த வார்டன் பல்லைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதியது.

ஃபோன் மறுபடி அதிர்ந்தது. எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைய பொழுது நன்றாகப் போய்விடும். ஆனால் இவ்வளவு நேரம் மனம்விட்டுச் சிரித்த மனிதரிடம் மறைக்க மனம் வரவில்லை.

“சார், ஒரு விஷயம் சொல்லணும்.”

“துரைக்கு ஏதாவது நோயா?”

“அவருக்கு ஒண்ணுமில்ல சார். எனக்குத்தான் காகிதம் இல்ல.”

மரக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் இல்லத்துல வளர்ந்தவன். அப்பா அம்மா யாருன்னே தெரியாது. உங்க பொண்ணும் நானும் மூணு வருஷமா விரும்பறோம். நீங்க கேட்ட கேள்வியில ஒண்ணுக்குக்கூட என்னைப் பத்தி என்கிட்ட பதில் இல்ல.”

மரக்கடைக்காரர் டேப்பை மெதுவாகச் சுருட்டினார்.

“அவ போன மாசமே எல்லாத்தையும் சொல்லிட்டா. எனக்குத் தெரியும்கறத உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன்.”

டாக்டர் வேலியைப் பிடித்துக்கொண்டான். “அப்போ… காலையிலேருந்து தாத்தா, பாட்டி, ஒன்பது தலைமுறை எல்லாம்?”

“அது துரைக்கு.”

நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவன் தோளில் கை போட்டார்.

“குதிரைகிட்ட ரெண்டு மணி நேரம் பேசிப் பார்க்க முடியுமா, மாப்பிள்ளை? அதனாலதான் காகிதம் கேக்கறேன்.”