சாவியை எடுத்தது யார்?

"அப்பா, கொள்ளுத்தாத்தா செஞ்ச பூட்டோட படம் கிடைச்சிருச்சு. சாவிப் பல்லு வரைக்கும் அளவு போட்டு வரைஞ்சிருக்கார்" என்று செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு ஓடிவந்தாள் மகள்.

அப்பா லாரி மெக்கானிக். காகிதத்தில் இருப்பதை நம்பும் ஆள் இல்லை. "கம்பெனிக்காரன் சும்மாவா தூக்கிக் குடுத்தான்? எதுல கையெழுத்து வாங்கினான்?"

சும்மாதான் கொடுத்திருந்தார்கள். காப்புரிமை ஆபீசில் தேடி, அப்புறம் பூட்டுக் கம்பெனியின் பழைய அறையில் தூசியில் புரண்டு, அவள் இரண்டு விண்ணப்பங்களைக் கண்டுபிடித்திருந்தாள். முதலாவது, மூடியை அமுக்கினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. கம்பெனி அதைக் கொத்திக்கொண்டு போயிருக்கிறது. அடுத்த மாதமே கொடுத்த இரண்டாவது தள்ளுபடி. சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் பூட்டும் என்கிற பூட்டு. இது கடைத்தெருவில் எவனும் விற்கிறதுதானே என்று அதிகாரி ஓரத்தில் கிறுக்கியிருந்தாராம்.

"அவ்வளவு பெரிய மூளை ஒரே மாசத்துல ஏம்பா இப்படி மழுங்கிப்போச்சு?"

"கம்பெனிக்காரன் காபில எதையாவது கலந்து குடுத்திருப்பான்."

சொன்னாரே தவிர, அவர் கண் அறை மூலையில் கிடந்த இரும்புப் பெட்டிக்குப் போய்விட்டது.

அது கொள்ளுத்தாத்தா தன் கையால் செய்து, தன் பூட்டையே போட்ட பெட்டி. அவர் அதைத் திறந்து ஒருவரும் பார்த்ததில்லை. சாவி எங்கே என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாராம். உடைத்தாலும் மாற்றுச் சாவி போட்டாலும் என் பூட்டை அப்புறம் எவன் வாங்குவான் என்று கத்துவாராம். அவர் செத்த அன்று பெரிய மகனும் சின்ன மகனும் வீடு முழுக்கச் சாவியைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. நீதான் திருடினாய் என்று பிணத்தை வைத்துக்கொண்டே சட்டையைப் பிடித்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குள்ளும் பேச்சு நின்றது. எந்த வீடு பெட்டியைத் தொட்டாலும், உள்ளே இருந்ததை அமுக்கிவிட்டான் என்று மற்ற வீடு சொல்லும். அதனால் யாரும் தொடவில்லை.

பெரிய மகனின் பிள்ளை அடுத்த தெருவில் டெய்லர். மகள் போய்ப் பெரியப்பா என்று கெஞ்சியதில் வந்தார். எங்கப்பா திருடன் இல்லை என்று இன்றைக்குத் தெரிந்துவிடும், அதற்காகத்தான் வந்தேன் என்றார். சின்ன மகனின் பிள்ளையான மெக்கானிக்கும் அதற்காகத்தான் காத்திருந்தார்.

மகள் கூட்டிவந்த பூட்டுக்காரர் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சாவியை அராவினார். மற்ற இருவரும் ஆளுக்கொரு சுவரோடு பேசினார்கள்.

"உள்ளே காலியா இருந்தா, இவங்கப்பன் எப்பவோ வழிச்சிட்டான்னு அர்த்தம்" என்றார் டெய்லர்.

"நிறைஞ்சிருந்தா, இவங்கப்பன் சாவியத் திருடியும் திறக்கத் தைரியம் இல்லாம செத்தான்னு அர்த்தம்" என்றார் மெக்கானிக்.

மகள் இருவரையும் சும்மா இருக்கச் சொன்னாள்.

சாவி முதலில் திரும்பவில்லை. எண்ணெய் விட்டு, பல்லை இன்னும் கொஞ்சம் அராவி, மறுபடி நுழைத்தார் பூட்டுக்காரர். டக். மூடி லேசாக எழும்பியது. மெக்கானிக்கின் தலையும் டெய்லரின் தலையும் முட்டிக்கொண்டன.

நகை இல்லை, பணம் இல்லை, பத்திரம் இல்லை. அடியில் துருப்பிடித்த சாவி ஒன்று மட்டும் கிடந்தது.

பூட்டுக்காரர் அதை எடுத்துப் புதுச் சாவியோடு சேர்த்துப் பிடித்தார். பல்லுக்குப் பல் ஒன்றாக இருந்தது.

பிறகு டெய்லர், முதல் தடவையாக மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, ரெண்டு சாவியையும் வெளியிலயே வச்சிட்டு மூடு."