கூரைமேல் பால்குடம்

"தஸ்தகீர் பாய், மெதுவா! மேல சாமிக்குப் பால்குடம் இருக்குது," என்று அம்சா ஒவ்வொரு திருப்பத்திலும் டிரைவரிடம் கத்தினாள்.

"சாமி பாலைச் சிந்த விடுவனா? நல்லா கட்டிகினியா?"

"ஆங், என் பழைய சேலையால இறுக்கியிருக்கேன்."

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பிதுங்கிய, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ், மாட்டுவண்டிக்கும் வழிவிட்டு ஊர்ந்தது. அவள் மனம் மட்டும் கூரையிலேயே கிடந்தது.

திருத்தணியில் குடத்தைத் தானே இறக்கித் தர தஸ்தகீர் ஏணியில் ஏறினார். மேலே, சேலையால் கம்பியோடு கட்டப்பட்டு, அம்சாவின் கணவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"இதுவா பால்குடம்?"

"உள்ள இடமில்ல. அவரு உக்காந்தா தூங்கிடுவாரு. போன கிருத்திகைக்கு, கூரைமேல ஆளுங்க இருக்கசொல்லவே பறந்தீங்களே, பாய்!"

தஸ்தகீர் சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார்.

"ஒரு சொட்டும் சிந்தல. வந்து எறக்கிக்கோ!"