அறுபது நாள் படுக்கை

"மிதுனா எழும்பக் கூடாது, அங்கிள். சாப்பாடு, குளிப்பு எல்லாம் படுத்தபடிதான். இண்டைக்கு ஐம்பத்தொன்பதாவது நாள்..."

ஜேர்மனியிலிருந்து பேசிய மகளின் தோழி, வாய்தவறிச் சொல்லிவிட்டதை உணர்ந்து அழைப்பைத் துண்டித்தாள். இலங்கையில், துணுக்காயில் வயல் பார்த்துக்கொண்டு நின்ற தில்லையம்பலம் அப்படியே வரப்பில் குந்திவிட்டார்.

படிக்கப் போன மகள் இரண்டு மாதமாக வீடியோவில் முகத்தை மட்டும் காட்டியது ஏனென்று இப்போதுதான் விளங்கியது. போரில் ஒரு காலை இழந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர் அவர். பிள்ளைக்கும் அதே விதியா?

உடனே மகளை அழைத்தார்.

"ஏன் பிள்ளை எனக்கு மறைச்சனீ? கால் ஏலாதே?"

"ஐயோ அப்பா, அழாதேங்கோ! எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல சுகமான ஆக்களாப் பாத்துத்தான் எடுத்தவை."

"என்னத்துக்கு?"

"விண்வெளியிலை கால் ஊன்றி நடக்கிற வேலையில்லை. அங்கை போறவையின்ரை எலும்பும் தசையும் மெலிஞ்சு போகும். படுத்தே கிடந்தாலும் அப்பிடித்தான். அதை இஞ்சை பூமியிலை ஆராயத்தான் எங்களைப் படுக்க வைச்சிருக்கினம். நானாக் கேட்டுச் சேர்ந்தனான். சொன்னால் விடமாட்டியள் எண்டுதான் மறைச்சனான். நாளையோடை முடியுது."

இரண்டு நாள் கழித்து, தாதி கையைப் பிடித்திருக்க, மிதுனா வீடியோவில் தள்ளாடித் தள்ளாடி நாலு அடி நடந்து காட்டினாள். தில்லையம்பலம் சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

"இனி விண்வெளிக்கே போறதெண்டாலும் போ, பிள்ளை. ஆனா முதல்லை அப்பாவுக்குச் சொல்லிப்போட்டுப் போ."