சிவப்பு நூல் கட்டிய வலை

பின்னறைத் தொட்டியில் தனியாக வைத்திருக்கும் புது மீன், அரிப்புத் தாங்காமல் குழாயில் விலாவைத் தேய்க்கிறது. ஒட்டுண்ணி வந்த மீன் முதலில் தேய்க்கும். உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் அப்புறம்தான் தெரியும். இதற்கு இரண்டும் வந்தாயிற்று. அவள் செம்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுகிறாள். ஒரு சொட்டு கூடினால் மருந்தே கொன்றுவிடும். நிமிர்ந்தால், சுவரில் வெறும் ஆணி. நோய் ஈர வலையோடு கூடத்துத் தொட்டிக்குப் போய்விடாமல், இந்தத் தொட்டிக்கு மட்டும் என்று சிவப்பு நூல் கட்டி மாட்டியிருந்த வலையைக் காணோம். "ஏங்க, இங்க இருந்த வலை எங்க?" "இங்கதான் இருக்கு" என்று கூடத்திலிருந்து கணவன் குரல் கொடுக்கிறான். அவனுக்கு எல்லா வலையும் வலைதான். கூடத்துக்கு ஓடுகிறாள். ஒன்பது வருடமாக அவள் பராமரிக்கும் பெரிய தொட்டியின் விளிம்பில், வெயிலில் மினுங்கியபடி சிவப்பு நூல் கட்டிய வலை சொட்டிக்கொண்டிருக்கிறது. "எத்தனை நாளா இதைப் போட்டு அழுக்கை அள்ளுறீங்க?" "ஒரு வாரமா. அள்ளிட்டு மறுபடி அங்கயே மாட்டிடுவேன். இங்க இருந்த பழசு கிழிஞ்சிடுச்சு. ஏன், இதுக்கென்ன?" மருந்து பட்ட ஈரக் கை இந்தத் தண்ணீரில் படாதபடி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கண்ணாடியில் நெற்றியை வைத்துத் தேடுகிறாள். அவள் விரலிலிருந்தே இரை வாங்கித் தின்னும் கிழட்டு நீல மீன், முகம் கண்டதும் பாறைக்குப் பின்னாலிருந்து வருகிறது. உடம்பில் ஒரு புள்ளி இல்லை. "பாரு, ஜம்முனு இருக்கான்" என்கிறான் கணவன். அவள் நெற்றியைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. பாதி வழியில் மீன் நிற்கிறது. திரும்பிப் போய், ஒருக்களித்து, பாறையில் விலாவைத் தேய்க்கிறது.